பொது நாட்காட்டியிலிருந்து சொந்த நாட்காட்டிக்கு: பெயர்த்தெழுதும் நிரலை முதன்முறையாக அமைப்பவர்களுக்கு

காரைக்குடியை அடுத்த எங்கள் ஊரில் ஏழு புள்ளிகளுக்கும், அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கும், பொதுவான படைப்பு வீடு ஒன்று இருக்கிறது; முன்னோருக்குப் படைக்கும் வீடு அது. படைப்பு என்றைக்கு, இந்த ஆண்டு வீட்டுப் பொறுப்பை ஏற்கும் முறைகாரர் யார், ஓடு மாற்ற ஆசாரி எப்போது ஏறுகிறார், கல்யாணத்துக்கு வளவைக் கேட்டிருப்பது எந்தப் பங்காளி என்பவையெல்லாம் முன்பு பட்டாலை என்னும் கூடத்தின் சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் தாளில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். இப்போது பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர், நியூஜெர்சி என்று இருப்பதால், அந்தச் சுவர்க் காலண்டரின் இடத்தைக் கூகுள் கேலண்டரில் உள்ள ஒரு பொது நாட்காட்டி பிடித்துக்கொண்டது. ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர் ஒருவரும் இல்லை என்பது சில மாதங்களில் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவரும் தம் சொந்த நாட்காட்டியைத்தான் பார்க்கிறார்கள். அலுவலகத்தில் அவர்களுக்கு நேரம் குறிப்பவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள். படைப்பு நாளன்றே இருவருக்கு அலுவலகக் கூட்டம் விழுந்த பிறகு, பொது நாட்காட்டியில் உள்ளதைச் சொந்த நாட்காட்டிக்குத் தானாகப் பெயர்த்தெழுதும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். அதை எப்படி அமைப்பது, எங்கே தவறும் என்பதை, நிரல் எழுதிப் பழக்கம் குறைந்தவர்களுக்கும் விளங்கும்படி இங்கே சொல்கிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில், இது தேவைதானா

பொது நாட்காட்டியை உங்கள் கணக்கோடு பகிர்ந்துகொண்டால், அதன் நிகழ்வுகள் உங்கள் நாட்காட்டியின் மேலேயே வேறு நிறத்தில் தெரியும். பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அதுவே போதும்; நிரல் எழுத வேண்டியதில்லை. பெயர்த்தெழுதுவது இரண்டு காரணங்களுக்காகவே பயனுள்ளது. உங்கள் முதன்மை நாட்காட்டியில் அந்த நேரம் நிரம்பியிருப்பதாக மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது ஒன்று. பொது நாட்காட்டியில் எழுதிய தலைப்பையோ நினைவூட்டலையோ உங்களுக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றில் எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம்.

இணைய முகவரி ஒன்றைக் கொடுத்து மற்றொரு நாட்காட்டியைச் சந்தாவாகச் சேர்க்கும் வழியும் உண்டு. அதில் மாற்றங்கள் வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம், வந்தவற்றை நீங்கள் திருத்தவும் முடியாது என்பதால், நாள் நெருங்கும்போது மாறக்கூடிய வீட்டுக் காரியங்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஆயத்தம்

நிரல் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்குக்கு இரண்டு நாட்காட்டிகளும் எட்ட வேண்டும். பொது நாட்காட்டியின் அமைப்புகளில் ‘குறிப்பிட்ட நபர்களுடன் பகிர்’ என்ற பகுதிக்குப் போய் உங்கள் கணக்கைச் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே நான்கு படிகள் இருக்கும்: நேரம் நிரம்பியிருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்பது, விவரங்கள் அனைத்தையும் பார்ப்பது, நிகழ்வுகளைத் திருத்துவது, பகிர்வையும் நிர்வகிப்பது. ஒரு திசையில் மட்டும் பெயர்த்தெழுத இரண்டாவது படி போதும். அதற்கு மேல் கேட்காதீர்கள். நிரலில் பிழை இருந்தாலும் பொது ஏட்டில் கை வைக்க முடியாதபடி இருப்பதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு. அலுவலகக் கணக்காக இருந்தால், வெளியாருடனான பகிர்வை நிர்வாகம் கட்டுப்படுத்தியிருக்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

அதே அமைப்புப் பக்கத்தில் ‘நாட்காட்டியை ஒருங்கிணை’ என்ற பகுதியில் அந்த நாட்காட்டியின் அடையாளம் இருக்கும். முதன்மை நாட்காட்டிக்கு உங்கள் மின்னஞ்சல் முகவரியே அடையாளம். தனியாக உருவாக்கிய நாட்காட்டிக்கு நீண்ட எழுத்து வரிசை ஒன்று இருக்கும். அதை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் கணக்கில் ‘சோதனை’ என்ற பெயரில் புதிய நாட்காட்டி ஒன்றை உருவாக்குங்கள். முதல் வாரம் முழுவதும் நிரல் அதில்தான் எழுத வேண்டும். ஏதேனும் தவறினால் அந்த நாட்காட்டியையே நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கலாம். முதன்மை நாட்காட்டியில் தவறினால் ஒவ்வொன்றாகக் களை பிடுங்க வேண்டியிருக்கும்.

பிறகு, நிரல் எழுதி ஓட்டுவதற்கான கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் தளத்துக்குச் சென்று புதிய திட்டம் ஒன்றைத் திறந்து, அதன் அமைப்பில் நேர மண்டலம் இந்திய நேரமாக, அதாவது உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கவனிக்காமல் விட்டு, விடியற்காலை முகூர்த்தத்தை முந்தைய நாள் மாலைக்குத் தள்ளியவர்கள் உண்டு.

முதல் ஓட்டம்: படிப்பது மட்டும்

எடுத்த எடுப்பில் எழுதும் நிரலை ஓட்டாதீர்கள். ‘கேலண்டர்ஆப்’ என்பதிலிருந்து ‘கெட்கேலண்டர்பைஐடி’ என்ற கட்டளையால் பொது நாட்காட்டியைப் பிடித்து, ‘கெட்ஈவென்ட்ஸ்’ கட்டளைக்கு இன்றைய தேதியையும் இன்றிலிருந்து 90-ஆம் நாளையும் கொடுத்து, வந்த நிகழ்வுகளின் தலைப்பையும் தொடக்க நேரத்தையும் பதிவேட்டில் அச்சிட்டுப் பாருங்கள். முதன்முறை ஓட்டும்போது அனுமதி கேட்கும் திரை வரும். கூகுள் சரிபார்க்காத செயலி என்ற எச்சரிக்கையும் வரலாம். எழுதியவர் நீங்களே என்பதால் ‘மேம்பட்டவை’ என்பதைத் திறந்து அனுமதி கொடுக்கலாம். வேறு யாரோ எழுதியதை ஒட்டியிருந்தால், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று விளங்கிய பிறகே கொடுங்கள்.

அச்சான பட்டியல் திரையில் தெரியும் நிகழ்வுகளோடு வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும். 90 நாள் என்பது என் கணக்கு. பத்திரிகை வைத்து அழைக்கும் காரியங்கள் அந்த எல்லைக்குள் வந்துவிடும், நிரலும் விரைவில் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து விமானச் சீட்டு எடுக்க வேண்டியவர்கள் இருந்தால் 180 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏட்டு எண்

இந்த வேலையின் சாரம் முழுவதும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பழைய கணக்குப்பிள்ளை ஒருவர் குறிப்பேட்டில் உள்ள வரியைப் பேரேட்டுக்கு ஏற்றும்போது, அந்த வரியின் பக்கத்திலேயே பேரேட்டின் ஏட்டு எண்ணையும் குறித்துவிடுவார். எண் இருந்தால் வரி ஏறிவிட்டது. இல்லாவிட்டால் இன்னும் ஏறவில்லை. மறுநாள் வேறொருவர் வந்து உட்கார்ந்தாலும் ஒரே வரவை இரண்டு முறை ஏற்ற மாட்டார். நிரலுக்கும் இதே ஒழுங்கு வேண்டும்.

என் முதல் நிரலில் அது இல்லை. பட்டியலை எடு, ஒவ்வொன்றையும் ‘கிரியேட்ஈவென்ட்’ கட்டளையால் எழுது என்று இரண்டே வேலைகளைச் சொல்லி, மணிக்கு ஒரு முறை ஓடும்படி வைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு முன்பே படுத்துவிட்டேன். காலை ஏழு மணிக்குள் அது பதினொரு முறை ஓடியிருந்தது. பொது நாட்காட்டியில் இருந்தவை 14 நிகழ்வுகள். என்னுடையதில் இருந்தவை 154. அப்பத்தாவின் திதி ஒரே நாளில் பதினொரு வரிகளாக அடுக்கி நின்றது. ‘எத்தனை ஆச்சிக்குத்தான் திதி கொடுக்கப் போகிறாய்’ என்று சித்தப்பா கேட்டார். சோதனையை அவரும் பார்க்கட்டும் என்று அந்த நாட்காட்டியை அவரோடு பகிர்ந்திருந்தது என் இன்னொரு புத்திசாலித்தனம்.

ஆகவே ஒவ்வொரு பிரதியிலும் அதன் மூலம் எது என்ற குறிப்பு இருக்க வேண்டும். ஐகேலண்டர் என்ற பொதுத்தரம், 2009-இல் ஆர்எஃப்சி 5545 என்ற எண்ணோடு வெளியான வடிவில், ஒவ்வொரு நிகழ்வுக்கும் யூஐடி எனப்படும் தனி அடையாளத்தைக் கட்டாயமாக்குகிறது. ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ‘கெட்ஐடி’ கட்டளை தருவது அதைத்தான். பிரதியை எழுதியவுடன் ‘செட்டேக்’ கட்டளையால் இந்த அடையாளத்தை அதில் பொறித்துவிடுங்கள். இந்தப் பொறிப்பு திரையில் தெரியாது. ‘கெட்டேக்’ கட்டளையால் நிரல் மட்டுமே படிக்கும். தலைப்பிலோ விவரத்திலோ எழுதி வைக்கும் வழக்கமும் உண்டு, ஆனால் யாராவது தலைப்பைச் சற்றே திருத்தினால் அடையாளம் போய்விடும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மீண்டும் மீண்டும் வரும் நிகழ்வின் எல்லாத் தவணைகளுக்கும் ஒரே அடையாளம்தான். எங்கள் வீட்டை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் திறந்து கூட்டிப் பெருக்குகிறார்கள். 2026 ஜனவரியில் அது 6, 13, 20, 27 ஆகிய நான்கு நாள்களில் வரும். ‘கெட்ஈவென்ட்ஸ்’ இந்த நான்கையும் தனித்தனி நிகழ்வுகளாகவே தரும். ஆனால் நான்கின் அடையாளமும் ஒன்றே. அடையாளத்தை மட்டும் பொறித்தால், 6-ஆம் தேதியை எழுதிய நிரல் 13-ஆம் தேதியைப் பார்த்து ‘இது ஏறிவிட்டது’ என்று விட்டுவிடும். எனவே அடையாளத்தோடு தொடக்க நேரத்தையும் ஒட்டி, இரண்டும் சேர்ந்த தொடரையே ஏட்டு எண்ணாகக் கொள்ளுங்கள். பொங்கலுக்கு முன் வரும் 13-ஆம் தேதி வேலையை 12-ஆம் தேதித் திங்களுக்கு யாரேனும் மாற்றினால், பழைய ஏட்டு எண்ணுக்கு மூலம் இல்லாமல் போகும், புதிய எண் ஒன்று தோன்றும். நிரல் பழைய பிரதியை நீக்கிவிட்டுப் புதியதை எழுதும். ஒரே நிகழ்வை நகர்த்துவதைவிட இது சற்றுச் சுற்று வழிதான் என்றாலும், புதியவர்களுக்கு இதுவே பிழை குறைந்த வழி என்பது என் கருத்து.

‘ஆண்டுதோறும்’ என்ற குறிப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் பிள்ளையார் நோன்பு வருகிறது. அதற்கு ஆங்கிலத் தேதியில் ‘ஆண்டுதோறும்’ என்று வைத்தால் அடுத்த ஆண்டே தவறிவிடும். திதி, நட்சத்திரம் பார்த்து வருபவற்றை ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பொது நாட்காட்டியில் தனி நிகழ்வாகவே எழுதுங்கள். மூலத்தில் தவறாக இருப்பதை எந்த நிரலும் திருத்தாது.

முழுநாள் நிகழ்வுகள்

படைப்பு போன்றவை நேரம் குறிக்காமல் முழுநாள் நிகழ்வாகப் பதிவாகும். இவற்றையும் மற்றவற்றைப் போலவே தொடக்க நேரம், முடிவு நேரம் என்று எழுதினால், நிரல் அதை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையான நிகழ்வாக மாற்றிவிடும். காரைக்குடியில் பார்க்கும்போது வேறுபாடு தெரியாது. சிங்கப்பூரில் உள்ளவருக்கு அது அதிகாலை இரண்டரை மணிக்குத் தொடங்கி மறுநாள் இரண்டரை வரை நீளும். நியூஜெர்சியில் உள்ளவருக்கு முந்தைய நாள் பிற்பகலிலேயே தொடங்கிவிடும். ஆகவே ‘இஸ்ஆல்டேஈவென்ட்’ என்று கேட்டு, ஆம் என்றால் ‘கிரியேட்ஆல்டேஈவென்ட்’ என்ற தனிக் கட்டளையால் எழுதுங்கள். தேதிகளையும் ‘கெட்ஆல்டேஸ்டார்ட்டேட்’, ‘கெட்ஆல்டேஎண்ட்டேட்’ என்பவற்றிலிருந்தே எடுக்க வேண்டும்.

இதில் முடிவுத் தேதி என்பது நிகழ்வு முடிந்த மறுநாளைக் குறிக்கும். 10, 11 ஆகிய இரு நாள்களில் நடக்கும் கல்யாணத்துக்கு முடிவுத் தேதி 12 என்று வரும். அது பிழை என்று நினைத்து ஒரு நாளைக் கழித்துவிடாதீர்கள். கழித்தால் இரண்டாம் நாள் விருந்து நாட்காட்டியிலிருந்து மறைந்துவிடும். வந்த விருந்தாளிகள் மறைய மாட்டார்கள்.

இன்னொன்றையும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கூகுள் கேலண்டர் திரையில் முழுநாள் நிகழ்வு ஒன்றை உருவாக்கினால், அது இயல்பாக ‘நேரம் இருக்கிறது’ என்றே குறிக்கப்படும். அலுவலகத்தார் அந்த நாளில் கூட்டம் வைக்கக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு பாடும்? பிரதியைத் திறந்து, ‘நேரம் இல்லை’ என்ற குறி விழுந்திருக்கிறதா என்று ஒரு முறையாவது பாருங்கள்.

மாற்றம், நீக்கம்

ஏட்டு எண் ஏற்கெனவே இருந்தால், தலைப்பு, முடிவு நேரம், இடம், விவரம் ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிட்டு, வேறுபட்டதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் அழித்து எழுதுவது எளிதாகத் தோன்றும். ஆனால் நீங்கள் கைப்பட வைத்த நினைவூட்டல்களும் அதோடு அழிந்துபோகும். குறுகிய நேரத்தில் மிகுதியாக எழுதினால் கூகுளும் தடுத்துவிடும். நிறைய எழுத வேண்டிய முதல் நாளில் ஒவ்வொன்றுக்கும் இடையே ‘ஸ்லீப்’ கட்டளையால் அரை நொடி இடைவெளி விடுவது உதவும்.

விருந்தினர் பட்டியலை மட்டும் பெயர்த்தெழுத வேண்டாம். அதைச் சேர்த்தால் ஒரே கல்யாணத்துக்கு இரண்டாவது அழைப்பு போகவும், வருகிறேன் என்ற பதில் இரண்டு இடங்களில் சிதறவும் வழி ஏற்படும்.

நீக்குவதில்தான் நிரலுக்கு அளவுக்கு மீறிய துணிவு வந்துவிடும். இலக்கு நாட்காட்டியில், அதே 90 நாள் எல்லைக்குள், ஏட்டு எண் பொறித்த நிகழ்வுகளை மட்டும் எடுத்து, அவற்றில் மூலம் இல்லாதவற்றை நீக்கச் சொல்ல வேண்டும். பொறிப்பு இல்லாதது நீங்களே எழுதியது. அதை நிரல் தொடவே கூடாது. ஆனால் பொது நாட்காட்டியின் பகிர்வை யாரோ தவறுதலாக எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நிரல் மூலத்தை எட்ட முடியாமல் வெறும் கையோடு நின்று, மூலம் எதுவும் இல்லை என்று எண்ணி, பிரதிகள் அத்தனையையும் துடைத்துவிடக்கூடும். இதற்கு இரண்டு காவல் போடுங்கள். நாட்காட்டி கிடைக்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கிடைத்தும் பட்டியல் காலியாக இருக்க, இலக்கில் ஐந்துக்கு மேற்பட்ட பிரதிகள் இருந்தால், எதையும் நீக்காமல் உங்களுக்கு மின்னஞ்சல் ஒன்றை அனுப்பிவிட்டு நிற்க வேண்டும். நான்கே வரிகளில் எழுதிவிடலாம். தவணைக்கான ஏட்டு எண்ணுக்கு அடுத்தபடியாக நான் முக்கியமாகக் கருதுவது இந்த நான்கு வரிகளைத்தான்.

எதிர்த்திசை

சொந்த நாட்காட்டியிலிருந்து பொது நாட்காட்டிக்கு எழுதவும் சிலர் விரும்புவார்கள்: நான் ஊரில் இருக்கும் நாள்கள் பங்காளிகளுக்குத் தெரியட்டும் என்பதற்காக. இதற்குப் பொது நாட்காட்டியில் திருத்தும் அனுமதி வேண்டும். எல்லாவற்றையும் எழுதாமல், ‘ஊரில்’ என்ற சொல்லோடு தொடங்கும் தலைப்புகளை மட்டும் எடுங்கள். விவரத்தையும் இடத்தையும் விட்டுவிட்டு, உங்கள் பெயரும் ‘ஊரில் இருப்பேன்’ என்ற இரண்டு சொற்களும் மட்டும் போகட்டும். மருத்துவரைப் பார்க்கும் நாளும் பெண் பார்க்கும் நாளும் பட்டாலைச் சுவரில் எழுதப்பட வேண்டியவை அல்ல.

இரு திசையிலும் ஓடும்போது ஒரு விதியை மறக்கக் கூடாது: ஏட்டு எண் பொறித்த எதையும் மீண்டும் மூலமாகக் கொள்ளக் கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் பொதுவிலிருந்து வந்த பிரதி சொந்த நிகழ்வாகத் தோன்றிப் பொதுவுக்கே திரும்பும், அங்கிருந்து மறுபடியும் இங்கே வரும். சீர்வரிசைப் பாத்திரம் வீட்டுக்கு வீடு சுற்றுவதைப் போல ஓயாமல் சுற்றும். புதியவர்கள் ஒரு திசையை மட்டும் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு இதற்கு வருவதே நல்லது.

தானாக ஓடச் செய்தல்

ஆப்ஸ் ஸ்கிரிப்டின் இடப்பக்கப் பட்டியலில் ‘ட்ரிக்கர்கள்’ என்ற பகுதி உண்டு. நேரத்தின்படி ஓடுவது, நாட்காட்டி மாறும்போது ஓடுவது என்று இரண்டு வகைகள் அங்கே கிடைக்கும். இரண்டாவது வகை உடனுக்குடன் ஓடும் என்றாலும், மாறியது எந்த நிகழ்வு என்று சொல்லாது. ஏதோ மாறியிருக்கிறது என்று மட்டும் தட்டிவிட்டுப் போகும். ஆகவே எப்படியும் நிரல் முழுப் பட்டியலையும் ஒப்பிட்டாக வேண்டும். மணிக்கு ஒரு முறை என்ற நேர ட்ரிக்கரே வீட்டுக் காரியங்களுக்குப் போதும். ஒரு முறை ஓடுவதற்கு 6 நிமிடம், கட்டணமில்லாக் கணக்கில் ட்ரிக்கர்கள் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 90 நிமிடம் என்று எல்லைகள் இருந்தாலும், சில டஜன் நிகழ்வுகளுக்கு அவற்றின் அருகில்கூடப் போக மாட்டீர்கள்.

முந்தைய ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்கினால், இரண்டும் ஒரே வரியை ஏற்றிவிட வாய்ப்பு உண்டு. ‘லாக்சர்வீஸ்’ கட்டளையால் நிரலின் தொடக்கத்திலேயே பூட்டைப் போட்டு, முடிவில் திறந்துவிடுங்கள். பூட்டு கிடைக்காத ஓட்டம் பேசாமல் திரும்பிவிட வேண்டும். ட்ரிக்கரின் அமைப்பில் உள்ள தோல்வி அறிவிப்பை ‘நாள்தோறும்’ என்பதிலிருந்து ‘உடனடியாக’ என்று மாற்றி வையுங்கள்.

ஒரு வாரம் சோதனை நாட்காட்டியில் ஓடிய பிறகு, பொது நாட்காட்டியில் நீங்களோ திருத்தும் அனுமதி உள்ள ஒருவரோ ஒரு நிகழ்வைச் சேர்த்து, ஒன்றை நகர்த்தி, ஒன்றை நீக்கிப் பாருங்கள். மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் சரியாக வந்து சேர்ந்தால், நிரலில் இலக்கின் அடையாளத்தை முதன்மை நாட்காட்டியின் அடையாளமாக மாற்றிவிட்டு, சோதனை நாட்காட்டியை நீக்கிவிடலாம்.

பங்காளிகள் ஒவ்வொருவருக்கும் தம் கணக்கில் இதே நிரலின் நகல் ஒன்று வேண்டும். ஏனென்றால் ட்ரிக்கர் அதை உருவாக்கியவரின் கணக்கில், அவருடைய அனுமதியோடுதான் ஓடுகிறது. அவர் அந்தக் கணக்கை மூடினால் நிரலும் நின்றுவிடும். எங்கள் பொது நாட்காட்டியின் விவரப் பகுதியில், யார் யார் கணக்கில் நிரல் ஓடுகிறது, எந்தத் தேதியில் அமைத்தது, நின்றுபோனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று மூன்று வரிகள் எழுதி வைத்திருக்கிறேன். முறை கை மாறும்போது, வீட்டுச் சாவிக் கொத்தைக் கொடுப்பதோடு அந்த மூன்று வரிகளையும் புதிய முறைகாரர் திருத்திக்கொள்கிறார்.